ஆயர் மூலைவாட்டில்தான் போவார்

போன மாதம் எங்கள் வேதக்கோயிலுக்கு, பாதிரியார்களுக்கெல்லாம் மேலே இருக்கும் ஆயர் வந்தார், பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு செய்ய. வாசலில் மேளம், மாலை, பன்னீர் எல்லாம் முடிந்து, உயரத் தொப்பியும் கையில் கோலுமாக உள்ளே வந்தார். நடுவில் சிவப்புத் துணி விரித்திருந்தார்கள். அதன்மேல் நேராகப் பீடத்தைப் பார்த்து நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்தும் அடங்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெரியநாயகி முழங்கையால் இடித்தாள்.

"இன்னாடி சிரிக்கிற? ஆயரு வராரு."

"நேரா போறாரே."

"பின்ன எப்டி போவாரு?"

"மூலைவாட்டுல."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வெயில்ல நின்ன இல்ல, அதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திருப்பினாள். அந்த இடத்தில் வைத்து அவளுக்கு விளக்கிச் சொல்ல முடியாது. எனக்குப் பேச்சும் கம்மி. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

செஸ் ஆட்டத்தில் தொப்பி வைத்த காய் ஒன்று உண்டு. மூலைவாட்டில் போகும். ஊரெல்லாம் அதை மந்திரி என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆயர். இந்த உலகத்தில் அப்படிச் சொன்னவர்கள் இரண்டே பேர்தான், நானும் என் தம்பி சவரிமுத்துவும். தம்பி இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். கிராண்ட்மாஸ்டர். முன்பு ஆட்டக்காரர் பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் நம் கொடி இருந்தது. இப்போது அந்த நாட்டுக் கொடி இருக்கிறது. மாறிக்கொள்ளட்டுமா என்று அவன் என்னிடம்தான் கேட்டான். அதையும் சொல்கிறேன். முதலில் அந்தக் காய் எங்கள் வீட்டுக்கு வந்த கதை.

சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறினால் எனக்குத் திருவிழா நினைவு வந்துவிடும். பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் போட்டிகள் வைப்பார்கள். கரண்டியை வாயில் கடித்து, அதில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட வேண்டும். நான் எட்டாவதோடு பள்ளியை விட்ட வருடம் அது. ஓடினேன். முதல் பரிசு எனக்கு. மேசைமேல் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று பளபளவென்று இருந்தது. நான் ஓடியதே அதற்காகத்தான். மலைக்குக் கிழங்கு வேலைக்குப் போகும்போது சோறு கட்டிக்கொண்டு போக ஆகும். பரிசு கொடுத்தவர் கைமாற்றிக் கொடுத்துவிட்டார். கேரியர் எனக்குப் பின்னால் வந்தவளுக்குப் போனது. எனக்கு ஓர் அட்டைப் பெட்டி. பிரித்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் பொம்மைகள். அப்போதே கேட்டு மாற்றியிருக்கலாம். எனக்குக் கேட்க வராது. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் என் தம்பி இன்றைக்குப் பக்கத்து ஊரான கச்சிராயபாளையத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பான்.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். நல்ல வேளையாகப் படம் போட்டு அம்புக்குறி வைத்திருந்தார்கள். எது எப்படிப் போகும் என்பதைப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். பெயர்களை நான் எழுத்துக் கூட்டினேன். கிங் என்றால் ராஜா. குயின் என்றால் ராணி. அடுத்தது பிஷப். அந்த எழுத்து எனக்குப் பழக்கம். கோயில் வாசல் கல்லில் ஆயர் பெயருக்கு முன்னால் வெட்டியிருக்கும். காயின் தலையைப் பார்த்தால் தொப்பியும் சரியாக இருந்தது.

"இவருதாண்டா ஆயரு" என்றேன்.

தம்பிக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. "ஆயரு எதுக்கு சண்டைக்கு வந்தாரு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

ஆட்டத்தில் தோற்றவர் அடிபம்புக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் சமம் என்று ஒன்று கிடையாது. இரண்டு ராஜா மட்டும் மிஞ்சினாலும் கட்டங்களுக்குள்ளே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள், யாராவது ஒருவருக்குத் தூக்கம் வரும்வரைக்கும்.

ஒரு சாயங்காலம் தம்பி கூவினான். "ஆயர வெட்டிட்டேன்! ஆயர வெட்டிட்டேன்!"

அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கரும்பு வெட்டப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அப்பாவும் ஒரு வருடம் கரும்பு வெட்டத்தான் வெளியூர் போனார். அங்கேயே வேறு வீடு பார்த்துக்கொண்டார். அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா ஊதுகுழலோடு எழுந்து வந்தாள்.

"யார்ராவன் வெட்டுனது?"

"நாந்தாம்மா."

"யார வெட்டுன?"

தம்பி காயை நீட்டினான். அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொப்பியைக் கட்டைவிரலால் தடவினாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வெளையாட்டுக்குக்கூட ஆயர வெட்டக் கூடாது. வேற யார வேணா வெட்டிக்கோ. ராணிய வெட்டு, ராஜாவ வெட்டு. ஆயர் மேல கை வெச்ச, சோறு கெடையாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். ஆயரை யாரும் வெட்ட முடியாது. நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். தம்பி அதிலிருந்த வழியைக் கண்டுபிடித்தான். சாகாத ஆள் ஒருவன் கையில் இருந்தால் அவனை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் இல்லையா? ஆட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்தில் அவனுடைய இரண்டு ஆயரும் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை வைத்தே என் ராஜாவை மூச்சுமுட்ட வைப்பான். அதற்கப்புறம் தண்ணீர்க் குடம் எப்போதும் என் இடுப்பில்தான்.

மரவள்ளி பிடுங்கும் காலத்தில் கல்வராயன் மலைக்குப் போய்த் தங்கி வேலை செய்வோம். வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் தம்பி தவறாமல் வாந்தி எடுப்பான். எடுத்து முடித்து வாயைத் துடைத்ததும் "பெட்டி எடுத்தாந்தியாக்கா?" என்பான். மழை பிடித்துவிட்டால் வேலை நின்றுவிடும். கொட்டாய்க்குள் உட்கார்ந்து ஆடுவோம். பச்சைக் கிழங்கின் பால் வாசனை கையை விட்டுப் போகாது. காயெல்லாம் பிசுபிசுக்கும். அங்கேதான் ஒரு குதிரை தொலைந்தது. அதற்குப் பதில் ஒரு பலாக்கொட்டையை வைத்தோம். அது முளைவிட ஆரம்பித்ததும் வேறு கொட்டை மாற்றினோம்.

தம்பி ஆறாவது படிக்கும்போது கள்ளக்குறிச்சியில் பள்ளிகளுக்குப் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஓர் ஆள் போக வேண்டும். இவன் பள்ளியில் செஸ் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். அம்மாவுக்கு வேலை. டவுன் பஸ்ஸில் நான் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய கூடம். வரிசையாக மேசை. போனவுடன் என் கையைச் சுரண்டினான்.

"யக்கா, எல்லாக் குதிரைக்கும் மூஞ்சி இருக்குது."

பெரியவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவனுக்கு எதிரில் ஒரு பையன், பளிச்சென்ற ஷூ, கழுத்தில் தண்ணீர்ப் பாட்டில். தம்பி வழக்கம்போல ஆயரை எடுத்து எதிராளி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான். அந்தப் பையன் ஒரு பார்வை பார்த்தான். சிப்பாயை நகர்த்தி ஆயரை எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

தம்பி பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கூடம் முழுக்கக் கேட்கக் கத்தினான்.

"யக்கா! இவன் ஆயர வெட்டிட்டான்!"

எல்லாத் தலையும் திரும்பியது. நடுவர் ஓடிவந்தார்.

"இன்னாடா? யார வெட்டிட்டாங்க?"

"ஆயர, சார்! கும்புடற ஆயர!"

"இட் இஸ் ஒன்லி பிஷப், சார்" என்றான் ஷூ போட்ட பையன்.

"அதாண்டா ஆயரு!"

நடுவர் காயைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சன்னலில் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை துடித்தது. "வெட்டலாம் தம்பி. மந்திரியை வெட்டலாம். உக்காரு" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். பொய் சொல்லிவிட்டாயே என்பது போல ஒரு பார்வை. நான் கையைக் காட்டினேன், ஆடு என்று. உட்கார்ந்தான். அந்த ஆட்டம் தோற்றான். அடுத்தடுத்து ஆடியதில் ஜெயித்தான். எப்படி என்று கேட்காதீர்கள். சாகாத ஆயரையே நம்பி ஆடியவனுக்கு, ஆயரும் சாவார் என்று தெரிந்ததும் என்னவோ திறந்துகொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கச்சிராயபாளையம் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"யக்கா, அப்ப எல்லாரையும் வெட்டலாமா?"

"ராஜாவைத் தவிர எல்லாரையும் வெட்டலாமாம். அந்த சார் சொன்னாரு."



"அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தது பேப்பரில் வந்ததுதான். மாவட்டம், மாநிலம், டெல்லி, அப்புறம் நான் பெயர் சொல்ல வராத ஊர்கள். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் வேகவைத்த கிழங்கைத் துணியில் முடிந்து கொடுப்பேன். "யக்கா, அங்க ஓட்டல் சோறு போடறாங்க" என்பான். ஆனாலும் எடுத்துக்கொண்டு போவான். கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு மூன்று நார்ம் வாங்க வேண்டும். பெரிய போட்டியில் பெரிய ஆட்களோடு நன்றாக ஆடினால் ஒன்று கிடைக்கும். முதலாவது கிடைத்த அன்று போனில் கத்தினான், "அம்மா, நார்ம் கெடச்சிடிச்சி! இன்னும் ரெண்டு வேணும்!"

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"நாமம் குடுத்தாங்களாம்டி. இன்னும் ரெண்டு வேணுமாம். நாம வேதக்காரங்க, நமக்கு எதுக்குடி நாமம்? புள்ளைய ஏமாத்திட்டாங்களா?"

மூன்று நாமமும் கிடைத்தன. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் மேளம் வைத்து இறக்கினார்கள். மாலை கனத்ததில் அவன் கழுத்து சாய்ந்துபோயிருந்தது. அம்மாவையும் மேடையில் ஏற்றி, பிள்ளையின் திறமைக்கு என்ன காரணம் என்று கேட்டார்கள். "தண்ணி எடுக்கப் பயந்து ஆடுனாங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது.

மேளச் சத்தம் ஓய்ந்தால் அப்புறம் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். ஜெர்மனியில் ஒரு கிளப்பில் வாரக் கடைசியில் ஆடக் கூப்பிட்டார்கள். போனான். முதலில் வந்து வந்து போனான். அப்புறம் அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். கல்யாணம், ஒரு பெண் குழந்தை. அம்மா போனில் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் விசாரிப்பாள்.

"அந்த ஊருல கோயிலு இருக்குதாடா?"

"பெருசா இருக்கும்மா. ஆளுதான் இல்ல."

"ஆளு இல்லன்னா நீ போயி உக்காரு."

அவன் ஆட்டத்தை இப்போது போனிலேயே பார்க்கலாம். நமக்குப் புரியும்படி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு முறை அதில் ஒருவர் சொன்னார், இந்த ஆட்டக்காரர் கையில் இரண்டு மந்திரியும் இருந்தால் அவரை ஜெயிப்பது கஷ்டம், அவற்றை விட்டுக்கொடுக்கவே மாட்டார், சின்ன வயதில் யாரோ நல்ல குரு சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். குருவுக்கு அப்போது மூட்டு வலி. உள்ளே படுத்திருந்தாள்.

அம்மா போன பிறகு மூன்றாம் நாள்தான் தம்பியால் வந்து சேர முடிந்தது. அடக்கம் முடிந்திருந்தது. கல்லறைக்குப் போய்விட்டு வந்து கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். பெட்டியை எடுத்து வந்து வைத்தேன். இருவரும் காய் அடுக்கினோம். கிராண்ட்மாஸ்டரோடு ஆடுவதற்கு நான் யார். ஏழெட்டு முறை நகர்த்துவதற்குள் என் ஆயர் ஒருவர் காவல் இல்லாமல் நடுத்தெருவில் நின்றார். பார்த்தான். வேறு எதையோ நகர்த்தினான்.

"அம்மாதான் இல்லியே. வெட்டுடா."

"வேணாங்க்கா."

ஆட்டம் முடியும்வரை அவரைச் சுற்றிச் சுற்றிப் போனான். கடைசியில் தோற்றது நான்தான். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனது அவன். வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வந்த நேரம், போன் செய்தான்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இந்த நாட்டு அணியில ஆடச் சொல்றாங்க. ஆடணும்னா கொடி மாறணும். பாஸ்போர்ட்டும் மாத்திக்க வேண்டிதுதான். அப்பறம் நம்ம ஊருக்கு வரணும்னாகூட விசா வாங்கிக்கினுதான் வரணும்."

"மாறலன்னா?"

"இப்டியே வாரத்துக்கு ஒரு ஆட்டம். பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கினு இருக்க வேண்டிதுதான். வயசு ஏறுதில்லக்கா. பெரிய ஆட்டம் ஆட இன்னும் கொஞ்ச வருசந்தான் இருக்குது."

"ஊட்டுல இன்னா சொல்றாங்க?"

"அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ வேணான்னா வேணாம்."

அம்மா இருந்திருந்தால் அம்மாவைக் கேட்டிருப்பான். வாசலில் நின்றேன். கோமுகி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். சத்தம் கேட்டது. வந்துவிடுடா என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவன் வந்தால் இங்கே என்ன இருக்கிறது என்றும் தெரியும். மேளம் இருக்கிறது. மாலை இருக்கிறது.

"ஆடணும்னு ஆசையா இருக்குதா?"



"ரொம்ப இருக்குதுக்கா."

"அப்ப மாறிக்கோ."

"யக்கா..."

"போன வெய்யி. காசு ஏறுது."

வாட்ஸ்அப்பில் காசு ஏறாது. அவனுக்கும் தெரியும். வைத்துவிட்டான்.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் மாணிக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கடையில் பேப்பர் வரும். விளையாட்டுப் பக்கத்தின் அடியில், ஏலம், மரண அறிவிப்புக்குப் பக்கத்தில், செஸ் செய்தி பொடி எழுத்தில் இருக்கும். தம்பி பெயரைப் பார்த்துவிட்டால் மாணிக்கம் தெருவில் நின்று குரல் கொடுப்பான். "யக்கோவ்! தம்பி வந்திருக்காரு!" நான் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்த டீக்கடையில் நான் படித்தது ஜாஸ்தி. ஒரு முறை பெரியநாயகி அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு, தம்பி நிஜமாகவே வந்துவிட்டான் என்று பாதிப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "எங்கடி அவன்?" என்றாள். பேப்பரைக் காட்டினேன். அவளும் நானும் கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பழத்தைத் தின்றோம்.

கொடி மாறிய செய்தி வந்த அன்று மாணிக்கம் கேட்டான்.

"இன்னாக்கா, தம்பி கட்சி மாறிட்டாராமே?"

"கட்சி இல்ல. கொடி."

"நம்மூருல ரெண்டும் ஒண்ணுதானேக்கா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவன் கெட்டவன் இல்லை. அன்றைக்கு டீயில் சர்க்கரை தூக்கலாகவே போட்டிருந்தான்.

அதற்கப்புறம் பேப்பரில் தம்பி வரவில்லை. அவர்கள் நம் ஆட்டக்காரர்களைத்தானே போடுவார்கள். அவனுடைய ஆட்டத்தைப் போனில் பார்த்துவிடுவேன். இருந்தாலும் காலையில் கடைப் பக்கம் கால் போகும். ஒரு நாள் மாணிக்கம் பேப்பரை விரித்து உரக்கப் படித்தான், இந்திய வீரர் ஒருவர் ஜெர்மனி வீரரிடம் தோல்வி என்று. ஜெர்மனி வீரருக்குப் பெயர் போடவில்லை. முந்தின நாள் அந்த ஆட்டத்தை நான் கடைசிவரை பார்த்திருந்தேன்.

"யாருக்கா இந்த ஜெர்மனிக்காரன்? நல்லா ஆடிக்கினு இருந்த நம்ம புள்ளய சாச்சிட்டானே."

"அந்த ஜெர்மனிக்காரன் நல்லா ஆடுனானா?" என்று கேட்டேன்.

மாணிக்கம் மீதியையும் படித்தான். "ரொம்ப நல்லா ஆடுனானாம்" என்றான்.

டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது மாணிக்கம் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டான். எல்லோரும் போனில் பார்க்கிறார்கள். காலை பஸ் கச்சிராயபாளையத்திலிருந்து வந்து நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். டீ ஆற்றும் சத்தம் எங்கள் வாசல்வரை கேட்கிறது. தம்பி வந்திருக்கிறான் என்று யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.